லாவெண்டர் மெத்தை

அந்த மெத்தை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு சோறாக மணக்கவில்லை. ரசம் வைத்தால் லாவெண்டர். மீன் பொரித்தால் லாவெண்டர். குளித்துவிட்டுக் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து முகம் துடைத்தால் அதிலும் லாவெண்டர். லாவெண்டர் என்ற பூவை நான் பார்த்ததில்லை. அம்மா பார்த்ததில்லை. போர்ட் பிளேரில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த நாற்றம்தான் முதலில் வந்து கையைப் பிடிக்கிறது. நாற்றம் என்று சொன்னால் அம்மாவுக்கு ஆகாது.

"வாசம்னு சொல்லு. படிச்ச புள்ளதானே நீ?"

படித்ததால்தான் சொல்கிறேன். வேதியியலில் பி.எஸ்சி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா மெத்தையில் அடிக்கிற ஸ்ப்ரே புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை உட்கார்ந்து வாசித்த முதல் ஆளும் நான்தான். அதில் பூ எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் புதிதாக வாங்கியது குக்கர் ஒன்றுதான். மற்றதெல்லாம் டிரான்ஸ்ஃபர் சாமான். மெயின்லேண்டிலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு வருகிற ஆபீசர்கள், திரும்பிப் போகும்போது எல்லாவற்றையும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜ், சோபா, வாஷிங் மெஷின், பூத்தொட்டி. நல்லதை மற்ற ஆபீசர் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது கடைக்காரர்கள். கடைசி வாரம் வரைக்கும் விலைபோகாமல் கிடப்பது வேலைக்காரிக்கு. அன்பளிப்பு. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்து அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வருகிற குடும்பத்திடம், "இந்த அம்மா நல்லவள், வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். குவார்ட்டர்ஸ் மாறாது, வேலைக்காரி மாற மாட்டாள், மேடம்தான் மாறுவார். என் அம்மா அழகம்மா ஒரே குவார்ட்டர்ஸில் ஐந்து மேடம்களைப் பார்த்துவிட்டாள்.

அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் எங்கள் வாடை கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்தால் வெனிலா. ஜன்னல் திரையில் ரோஜா. பீரோவில் அந்துருண்டை. கல்லூரி மூன்று வருடமும் நான் போட்டது ஒரு தெலுங்கு மேடத்தின் மகளுடைய சுடிதார்கள். எத்தனை துவைத்தாலும், வெயிலில் நடந்து வேர்த்தால் என் அக்குளிலிருந்து அந்தப் பெண்ணின் செண்ட் கிளம்பும். எனக்குத் தலைவலி தொடங்கியது அப்போதுதான்.

அம்மாவுக்கு அது பெருமை. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தவரைக்கும் அவள் உடம்பிலும் சேலையிலும் தலைமுடியிலும் ரப்பர் பால் புளித்த நாற்றம் போனதே இல்லையாம். ஒருமுறை கப்பலில் போர்ட் பிளேர் வரும்போது பக்கத்து பங்க்கில் இருந்த டீச்சர் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, இரண்டு நாளும் எடுக்கவே இல்லை. இதை அம்மா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு வாசம் என்று எழுதிய எதையும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சரி, மெத்தை.

என் அப்பா ராக்கப்பன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர். அதே கச்சால் தோட்டத்தில் இருபது வருட வேலை. அதில் பதினாலு வருடம் ஸ்மோக் ஹவுஸ். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அந்த ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு நாலைந்து நாள் விறகுப் புகை போடுகிற கொட்டகை அது. ஷீட் பொன்னிறமாக வரும். உள்ளே நின்று அதைத் திருப்பிப் போடுகிறவனின் நுரையீரல் என்ன நிறமாகும் என்று அப்போது ஒருவரும் பார்க்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து, வாட்ச்மேன் வேலை பார்த்து, இப்போது ஐம்பத்தைந்து வயதில் எக்ஸ்ரேயில் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படி மூச்சு முட்டி வந்தால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது. மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ண வேண்டியிருக்கும்" என்று டாக்டர் இந்தியில் சொன்னார்.

ரெஃபர் என்பதற்கு எங்கள் மேட்டில் ஒரே அர்த்தம். எதிர் வீட்டு அழகையா ரெஃபரில் சென்னைக்குப் போனார். திரும்பி வந்தது அவருடைய பை மட்டும். அப்பா டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு, ஆட்டோவில் வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னைய அங்க கொண்டுபோயிராத தாயி."

"மாட்டேன்ப்பா."

டாக்டர் இன்னும் இரண்டு சொன்னார். தரையில் ஈரம் ஏறும், கட்டில் போடுங்கள் என்றார். அப்புறம் என்னென்ன கூடாது என்றும் சொன்னார். வார்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான்தான் அதையெல்லாம் தமிழில் சொன்னேன்.

கட்டில் என்றதும் அம்மாவுக்கு வழி தெரிந்துவிட்டது. அம்மா வேலை பார்க்கிற மேடத்துக்கும் டிரான்ஸ்ஃபர். அவர் வீட்டு கெஸ்ட் ரூம் கட்டிலும் ஃபோம் மெத்தையும் ஒரு மாதமாகப் படம் போட்டும் போகவில்லை. வியாழக்கிழமை லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. ஆட்டோ எங்கள் மேட்டில் ஏறாது. கீழே ரோட்டிலிருந்து அறுபது படி. கட்டிலை நானும் ஆட்டோக்காரரும் தூக்கினோம். மெத்தையை அம்மா யாரையும் தொட விடவில்லை. தலையில் வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, மழையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். வீடு நுழைவதற்கு முன்பே லாவெண்டர் நுழைந்துவிட்டது.

அப்பா படுத்துப் பார்த்தார். கால் நீட்டினார். ஒரு பக்கம் புரண்டார்.

"எப்படி இருக்கு?" அம்மா நின்றபடியே கேட்டாள்.

"தொரை பங்களாவுல படுத்த மாதிரி இருக்கு."

"பாத்து, தொரை. கால்மாட்டுல ஜோடு தொடைக்க ஆளு கேப்பீங்க போல."

அன்றைக்குச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அப்பா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமையும் அப்படியே.

"காத்தாட உக்காந்தேன்."

பகலில், கப்பல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மின்னி பே பக்கம் இறங்கிப் போனார். அறுபது படி இறங்கி ஏறுகிற உடம்பா அது? சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன். கடலோரச் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டிய வரை கப்பல் ஒன்றும் இல்லை. சட்டையில் தூறல் புள்ளி புள்ளியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு விசில்.

தோளைத் தொட்டு எழுப்பினேன். "மெத்தை நாத்தம் ஒத்துக்கலையாப்பா?"

"சேச்சே. புதுசுல்ல. பழகிரும்."

"எங்கே புதுசு? அடுத்தவன் படுத்தது."

"நமக்குப் புதுசுதானே?"

"விசில் அடிக்குதுப்பா."

"அது மழைக்கு." எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார். "அம்மாகிட்ட போயி வெளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காத. ஒனக்கு அவ கிட்ட வாய் கொடுக்காம தூக்கம் வராது."

அவர் சொன்னது சரிதான். எனக்கு வரவில்லைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கொடுத்த இன்ஹேலரின் முதுகில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் மிச்சம் எத்தனை அழுத்து என்று எண் தெரியும். ஒரு மாதத்துக்கு என்று கொடுத்தது, மூன்று நாளில் பாதிக்கு வந்திருந்தது. எண் பொய் சொல்லாது. அப்பா சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மேடம் வீட்டுக்குக் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஃபிளைட், பாத்திரம் கட்ட வேண்டும். கிளம்பும் முன் ஸ்ப்ரே புட்டியை எடுத்து மெத்தையில் நாலு பீச்சு பீச்சினாள். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவில் இரண்டு. சாமிக்குச் சூடம் காட்டுகிற முகம். சமையலறையில் அப்பா இருமத் தொடங்கினார்.

"போதும்மா. ஊரே மணக்குது."

"மணக்கட்டும். ஒனக்கு என்னா? ஒனக்கு மூக்கு இருக்கிற எடத்துல மூக்கா இருக்கு? மெசினு வச்சிருக்க."

அம்மா போனாள். அப்பா கப்பல் பார்க்கப் போனார். நான் மெத்தையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்து, வாசலுக்குக் கொண்டுவந்து, சுவரில் சாய்த்தேன். வெயில் இல்லை. ஆகஸ்டில் இங்கே வெயிலுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காற்றாவது அடிக்கட்டும் என்று நிறுத்திவிட்டு, ஓர் ஈரத்துணியை எடுத்து உறையை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நாற்றம் அதிகமாயிற்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சோப்பு தோற்றது.

பக்கத்து வீட்டு ஷோபனாக்கா எட்டிப் பார்த்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கணவர் ஹரிஹரன் பொதுப்பணித் துறையில் கிளார்க்.

"ஏன்டி சித்ரா, விடிஞ்சதுலேர்ந்து வீடே பூக்கடை மாதிரி மணக்குது. எம்புட்டு வாசம்! என்னத்தைடி போட்டீக?"

"வேணுமாக்கா?"

"எதை?"

"மெத்தையை. எடுத்துக்கோங்க."

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வந்துவிட்டார். மூக்கை மெத்தையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, கண்ணை மூடினார். "ஆத்தாடி, ஓட்டல் ரூமு மாதிரி. நெசமாவா சொல்லுற? எங்க மாமியா அடுத்த கப்பல்ல வருது. வந்து ஆறு மாசம் இருக்கப் போகுதாம். கீழ படுத்தா முதுகு பிடிக்குதுன்னு இப்பவே போன்ல ஆரம்பிச்சிருச்சு. அம்மா கோவிக்காதா?"

"கோவிப்பாங்க. நான் பாத்துக்கிறேன்."

யோசித்துத்தான் சொன்னேன். இந்த நாற்றம் ஒரு சுவர் தள்ளிப் போனால் போதும் என்று இருந்தது. ஷோபனாக்காவுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, இதில் என்ன பாவம்? ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அவருடைய பக்கம் உறையின் ஜிப் இருந்தது. பழைய ஜிப், பல் விட்டது. மெத்தை உறையிலிருந்து வழுக்கி, அடிப்பக்கம் மேலாக வந்து விழுந்தது.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக வெல்வெட் மாதிரி முளைத்திருந்தது. விரலால் தொட்டேன். ஒட்டியது. அப்போதுதான் அடியிலிருந்த வாடை மேலே வந்தது. மூடி வைத்த கிணற்றைத் திறந்த மாதிரி. மேலே லாவெண்டர், கீழே அது. 

ஷோபனாக்கா கையை உதறினார். "சீ! பூசணம்டி! இதையா எங்க மாமியாளுக்குக் கேட்டேன்?"

"மாமியாருக்குத்தானேக்கா. ஒருவேளை பரவாயில்லையோன்னு…"

"அடிப்பாவி, வாயைப் பாரு." சிரித்தார். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. "சித்ரா, ஒங்க அப்பா இதுலயா படுத்துருக்காரு?"

ஆமாம். இருமுகிற மனிதரை, நுரையீரலில் பாதி இல்லாத மனிதரை, இதன் மேலே மூன்று நாள் படுக்க வைத்திருக்கிறோம். அவர் படியில் உட்கார்ந்து தூங்கியிராவிட்டால் இந்நேரம் ரெஃபர் காகிதத்தில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருப்பார்கள்.  மேடம் மீது கோபமா, அம்மா மீது கோபமா என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. வாசலுக்கும் படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஷோபனாக்கா, "உக்காருடி, எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அம்மா பதினொரு மணிக்கு வந்தாள். கையில் ஒரு பை. ப்ளக்கில் சொருகினால் வாசம் விடுகிற கருவி ஒன்றும், முக்கால்வாசி நிறைந்த இரண்டு புட்டி ஸ்ப்ரேயும். மேடம் கொடுத்தது. வாசலில் குப்புறக் கிடந்த மெத்தையைப் பார்த்து நின்றாள்.

"என்னாத்துக்கு இத வெளிய போட்ட?"

"பாரும்மா. நல்லா பாரு."

பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதற்குத்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அந்த ரூமு ஜூன்லருந்து ஒழுகுது. கொஞ்சம் ஏறிருச்சு. நான்தான் தொடச்சேன். வாங்க வர்றவுங்களுக்கு வாடை தெரியக் கூடாதுன்னு மேடம் ரெண்டு புட்டி குடுத்து ஊத்தச் சொன்னாங்க. துணிக்குப் போடுறது. நல்லாத்தான் ஊத்துனேன்."

"யாரோ ஏமாந்து வாங்கிட்டுப் போவட்டும்னு ஊத்துன. கடைசில ஒன் தலையிலேயே வந்து விடிஞ்சிருச்சு."

"ஆமா. விடிஞ்சிருச்சு. இப்ப என்னாங்கிற?"

"பூஞ்சைன்னு தெரிஞ்சே அப்பாவை இதுல படுக்க வச்சியா?"

"பூஞ்சைய சும்மா வுட்டுட்டா படுக்க வச்சேன்?" அம்மாவின் குரல் ஏறியது. பையைத் தூக்கிக் காட்டினாள். "தெனம் நாலு தடவ அடிக்கிறேனே, எதுக்குன்னு நெனச்ச? எனக்கு ஆசையா? ஷீட்டுல பூஞ்சை ஏறாம இருக்க என்னா பண்ணுவோம்? ஒங்கப்பன கேளு. புகை போடுவோம். நல்லா மூக்குல ஏறுற மாதிரி போட்டா பூஞ்சை கிட்ட வராது. வந்ததும் செத்துப் போவும். இங்க புகை கூடாதுன்னு சொல்லிப்புட்ட. ஊதுவத்தியக்கூட நிப்பாட்டிட்டேன், தெரியுமா? சாம்புராணி போடல. அதான் புகைக்குப் பதிலா இது."

 

வருடக்கணக்கில் ஸ்மோக் ஹவுஸ் வாசலில் நின்றவளின் கணக்கு அது. மூக்கைக் கடிப்பது பூஞ்சையைக் கொல்லும். கண்ணால் பார்த்திருக்கிறாள். புகை போட்ட ஷீட் கப்பலேறி எங்கெங்கோ போகும், ஒரு புள்ளி விழாது. புகை போடாதது கட்டிவைத்த கட்டுக்குள்ளேயே பூஞ்சை பூத்துவிடும். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஒருவருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் கணக்கு தப்பு.

"விறகுப் புகைல பூஞ்சையக் கொல்ற சரக்கு இருக்கும்மா. இதுல ஒண்ணும் இல்ல. இது பூஞ்சைய ஒண்ணும் பண்ணாது. மூக்கத்தான் ஏமாத்தும். போதாக்குறைக்கு நெஞ்சையும் அறுக்கும்."

"அது ஒனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சொன்னாரே, ஸ்ப்ரே, செண்டு எதுவும் ஆகாதுன்னு!"

"யாருகிட்ட சொன்னாரு?"

அம்மா விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"எங்கிட்ட நீதானே சொன்ன? புகை கூடாது, தூசி கூடாது, வீட்ட சுத்தமா வச்சிக்க. மூணுதான். நான் எண்ணி வச்சிருக்கேன். நாலாவது எங்க போச்சு?"

நாலாவது எங்கே போனது என்று எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வார்டு வாசலில் நின்றபோது நான் வேலை பார்க்கும் டூர் ஆபீசிலிருந்து போன். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் யாருக்கோ டிக்கெட் மாறிப்போய்விட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குச் சொன்னேன். பாதி சொன்னேன். மீதிக்குப் பதிலாக, சுத்தமாக வைத்துக்கொள் என்றேன். சுத்தம் என்றால் என் அம்மாவுக்கு வாசம் என்று தெரிந்தே சொன்னேன். வீட்டில் டாக்டரின் பேச்சு விளங்குகிற ஒரே ஆள் நான். படித்தவள்.

"ஒழுங்கா சொல்லியிருந்தா இந்த எழவ தொட்டிருப்பனா?" அம்மா பையைப் படியில் போட்டாள். புட்டிகள் உருண்டன.

அப்பா அப்போதுதான் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பத்துப் படிக்கும் நின்று நின்று. எங்கள் சத்தம் கீழே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வந்ததும் மூச்சு வாங்கக் குந்தினார். மெத்தையின் ஓரத்தில் விரலால் ஃபோமைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஷீட் தரம் பிரிக்கிற பிடி அது. எனக்கு நாலு வயதில் பார்த்தது, மறக்கவில்லை.

"அஞ்சாம் நம்பருக்குக்கூடத் தேறாது" என்றார். ஷீட்டில் கடைசித் தரம் அது.

"சிரிப்பு வேற வருதா?" என்றாள் அம்மா.

"வந்த அன்னிக்கே தெரியும் புள்ள."

"என்னா தெரியும்?"

"உள்ள ஏறியிருக்குன்னு. ஷீட்டுக் கட்டப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன்ல, எந்தக் கட்டுல பூத்திருக்குன்னு. எவ்வளவு செண்டு ஊத்துனாலும் அது அடியில தனியாத் தெரியும்."

அம்மா அவரையே பார்த்தாள். "தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

அப்பா ஃபோம் துண்டைக் கீழே போட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். "அறுபது படி. மழையில. தலையில வச்சு தூக்கிட்டு வந்தே."

அம்மா கரைந்துபோவாள் என்று நினைத்தேன். இல்லை.

"தூக்கிட்டு வந்தா? அதுக்காக செத்துப் போவீங்களா? கப்பல் பாக்கப் போறேன், கப்பல் பாக்கப் போறேன்னு போயி, ஒரு நா அங்கயே வாயப் பொளந்துட்டா நான் யாருகிட்ட போயி நிப்பேன்? மெத்தைக்குக் கோயில் கட்டவா தூக்கிட்டு வந்தேன்? ஒங்களுக்குத்தானே! இந்தா, இவ பாதி சொல்றா, நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல. நடுவுல நான் ஒருத்தி, கிறுக்கச்சி மாதிரி புட்டிய வச்சிக்கிட்டு பீச்சிக்கிட்டு இருக்கேன்."

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். நானும்தான்.

அம்மா வீட்டுக்குள் போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு கத்திரியோடு வந்தாள். ஷீட்டில் கெட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி நீக்குவதற்கு அப்பா வைத்திருந்த பெரிய கத்திரி. கச்சாலிலிருந்து எங்களோடு வந்த மூன்று சாமானில் ஒன்று. மெத்தையின் நடுவில் கத்திரியை இறக்கி, கறுத்த இடத்தைச் சுற்றி வெட்டி எடுத்தாள். உள்ளே பார்த்தாள். உள்ளேயும் கறுப்பு. இன்னும் ஆழமாக வெட்டினாள். மறுபக்கம் வரைக்கும் போயிருந்தது.

"விடும்மா. மடிச்சுக் கட்டிக் கீழே குப்பைத் தொட்டிக்கிட்ட போட்டுரலாம். நாளைக்கு முனிசிபாலிட்டி வண்டி எடுத்துக்கும்."

அம்மா நிமிரவில்லை. மெத்தையை நீள வாக்கில் பட்டை பட்டையாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

"முழுசாப் போட்டா, வண்டி வர்றதுக்குள்ள யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"இதை யாரும்மா தூக்கிட்டுப் போவா?"

"நான் தூக்கிட்டுப் போவேன்" என்றாள்.

நான் உள்ளே போனேன். தண்ணீர் கொதிக்க வைத்து, கட்டில் பலகையை மூன்று தடவை துடைத்தேன். சோப்பு இல்லை, ஃபினாயில் இல்லை, வெறும் வெந்நீர். ரோஜாத் திரையைக் கழற்றி வெளியே எறிந்தேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பலகை உலர்ந்ததும் பாயை இரட்டையாக மடித்துப் போட்டேன். நாற்றம் முழுக்கப் போகவில்லை, மரத்தில் ஏறியிருந்தது. ஆனாலும் வெளியிலிருந்து மழைக் காற்றும், யாரோ வீட்டுக் கருவாடு சுடுகிற வாடையும் உள்ளே வந்தன. அந்தக் கருவாட்டு வாடையை நான் இழுத்து இழுத்து முகர்ந்தேன்.

அப்பா கஞ்சி குடித்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு சாய்ந்து படுத்தார். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். விசில் இருந்தது. ஆனால் படுத்துத் தூங்கினார்.

வாசலில் அம்மா இன்னும் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஃபோம் துண்டுகள். அவளுடைய போன் அடித்தது. அதன் காது ஸ்பீக்கர் கெட்டுப்போய் ஒரு வருடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேச வேண்டும். மேடம்.

"அழகம்மா! அங்கிள் கோ பெட் பசந்த் ஆயா? நீந்த் ஆ ரஹீ ஹை?"

கட்டில் பிடித்திருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார், அதுதான் கொடுமை. நான் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, சொல்லு, சொல்லு என்று வாயை அசைத்தேன். கறுப்புப் பிடித்த ஒரு துண்டை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக உள்ளே அப்பாவைப் பார்த்தாள்.

"ஆயா மேடம். ஸோ ரஹா ஹை. அச்சா ஸே ஸோ ரஹா ஹை." பிடித்திருக்கிறதாம், தூங்குகிறாராம், நன்றாகத் தூங்குகிறாராம்.

மேடத்துக்குச் சந்தோஷம். புதிதாக வருகிறவர்களிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டாராம், புதன்கிழமையிலிருந்து வரச் சொன்னார்களாம். ஸ்ப்ரேயை மறக்காமல் தினமும் அடி, மழைக்காலம், என்றார். ஹாங் மேடம் என்றாள் அம்மா. போனை வைத்தாள்.

"ஏன் பொய் சொன்ன?"

"என்னா பொய்? தூங்குறாரா இல்லையான்னு நீயே போயி பாரு."

"அது இல்லம்மா. அவுங்களுக்குத் தெரிய வேண்டாமா? அவுங்க செஞ்சது…"

"நானும்தானே செஞ்சேன்? ஊத்துன கை இந்தக் கைதானே?" கத்திரியோடு கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நடுவில் சிவந்து கொப்புளம் வந்திருந்தது.

நான் படியில் உருண்டு கிடந்த புட்டிகளைப் பொறுக்கினேன். சாக்கடையில் கவிழ்க்கத்தான் பொறுக்கினேன்.

"அத ஊத்தாத. பையில போட்டு வை. புதன்கிழம எடுத்துட்டுப் போயிருவேன். புது மேடம் கேப்பாங்கள்ல." ஒரு துண்டை வெட்டிப் போட்டாள். "அங்கயே இருக்கட்டும் அது. இங்க வேணாம்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. பையை முடிச்சுப் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் வைக்காமல், வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். திரும்பி வந்தபோது அம்மா கத்திரியை நீட்டினாள்.

"நீ கொஞ்சம் வெட்டு. கை விட்டுப் போச்சு."

வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபோம் லேசாக வெட்டுப்படும் என்று நினைத்திருந்தேன். படவில்லை. நழுவியது, நசுங்கியது, கத்திரியின் வாயில் சிக்கிக்கொண்டது. மழை மறுபடி பிடித்தது. நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளேயிருந்து லாவெண்டர் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது.